செயலி வேக டிரைவரைத் திருத்தி எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் கூடுகிறோம். ராமநாதபுரம், கீழக்கரை, தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வரும் கல்லூரிப் பிள்ளைகள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலுக்குள் செயலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிபியுஃப்ரீக் என்ற பகுதி இருக்கிறதே, அதன் டிரைவர்களைப் படித்து, சீர்படுத்தி, பேட்ச் (திருத்தக் கோப்பு) அனுப்பிப் பழகுவதுதான் வேலை. ஒவ்வொரு புதிய ஆளும் ஏறக்குறைய அதே கேள்விகளோடுதான் வருகிறார்கள், நானும் அதே பதிலைத்தான் சொல்கிறேன், அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா, இந்த சிபியுஃப்ரீக் டிரைவர்னா சரியா என்ன செய்யுது?

மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை இது. கவர்னர் என்பது முடிவெடுப்பவர்: இப்போது வேலை அதிகம், வேகத்தைக் கூட்டு, இப்போது சும்மா இருக்கிறோம், குறை. டிரைவர் என்பது அந்த முடிவை வன்பொருளில் நடத்திக் காட்டுபவர், எந்த ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன எண் பெட்டி) எந்த எண்ணை எழுத வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நடுவில் கோர், அதாவது எல்லா டிரைவருக்கும் பொதுவான சிபியுஃப்ரீக் நிரல். கணக்கு வைப்பது, பூட்டு போடுவது, மற்றவர்களுக்குத் தகவல் சொல்வது எல்லாம் கோரின் பொறுப்பு. எங்கள் அப்பா வள்ளத்தில் அணியத்தில் நின்று நீரோட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டுவார், பின்னால் என் தம்பி த்ராட்டிலைத் திருப்புவான். அப்பா கவர்னர், தம்பி டிரைவர். தம்பி தானாக ஒரு முடிவும் எடுப்பதில்லை, ஆனால் அந்த இன்ஜினை எப்படித் திருப்பினால் அடைக்காமல் ஓடும் என்பது அப்பாவை விட அவனுக்குத்தான் தெரியும்.

கர்னல் மூலத்தில் டிரைவர்ஸ் என்ற அடைவுக்குள் சிபியுஃப்ரீக் என்றே ஒரு அடைவு இருக்கிறது. அத்தனையும் அங்கேதான்.

வேகத்தைக் குறைச்சா வேலை முடிய நேரம் ஆகுமே, அப்புறம் மின்சாரம் எங்க மிச்சம்?

நல்ல கேள்வி, இதை விளங்கிக்கொள்ளாமல் மேலே போக வேண்டாம். செயலி ஓடும்போது இழுக்கும் மின்திறன் ஏறக்குறைய அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதம். வேகத்தை மட்டும் பாதியாக்கினால் திறன் பாதி, நேரம் இரு மடங்கு, மொத்த ஆற்றலில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் வேகம் குறையும்போது மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும், மிச்சம் அங்கேதான் கிடைக்கிறது. 1.2 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு இறங்கினால் வர்க்க விகிதம் 0.5625. வேகமும் பாதி என்றால் திறன் சுமார் 0.28 மடங்கு. வேலை இரு மடங்கு நேரம் ஓடினாலும் ஆற்றல் 0.56 மடங்குதான். கசிவு மின்னோட்டம் வேறு இருக்கிறது, அதையும் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் திசை இதுதான். எங்கள் வள்ளத்தில் சூரியத் தகட்டில் ஓடும் சின்ன கணினி போர்டு ஒன்று ராத்திரி முழுக்க ஜிபிஎஸ் தடத்தைப் பதிந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு இந்த 0.56தான் விடியும் வரை பேட்டரி தாங்குமா தாங்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

ரீஃபேக்டரிங்னா புதுசா எழுதுறதா?

இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் நடத்தை துளியும் மாறக் கூடாது, உள்ளே இருக்கும் அமைப்பு மட்டும் மாற வேண்டும். கிழிந்த வலையை உட்கார்ந்து பின்னுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், நூல் புதிது, முடிச்சு புதிது, ஆனால் கண் அளவு பழையதேதான். கண் அளவு மாறினால் அது வேறு வலை. அப்படி நடத்தையையும் மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள், ஆனால் தனி பேட்சாக, தனிப் பெயரோடு.

ஓடிக்கிட்டு இருக்கிற கோட்ட எதுக்குத் தொடணும்?

ஏனென்றால் ஒரே வேலையை நாற்பது பேர் நாற்பது விதமாக எழுதியிருந்தால், ஒருவர் செய்த தவறைத் திருத்தினாலும் மற்ற முப்பத்தொன்பது இடத்தில் அது அப்படியே கிடக்கும்.

சிபியுஃப்ரீக்கிலேயே நடந்த உதாரணம் சொல்கிறேன். பழைய டிரைவர்களில் டார்கெட் என்றொரு ஃபங்ஷன் இருக்கும். கோர் அதைக் கூப்பிட்டு, இந்த அதிர்வெண் வேண்டும், இதற்கு மேலே அல்லது கீழே இருப்பதை எடுத்துக்கொள் என்று சொல்லும். டிரைவர் தன் வேக அட்டவணையில் தேட வேண்டும், பழைய வேகமேதானா என்று பார்க்க வேண்டும், மாற்றுவதற்கு முன் 'மாறப் போகிறேன்' என்று அறிவிக்க வேண்டும், மாற்ற வேண்டும், பிறகு 'மாறிவிட்டேன்' என்று அறிவிக்க வேண்டும். இதில் ரெஜிஸ்டரைத் தொடும் ஒரு அடி மட்டும்தான் அந்தச் சிப்புக்கே உரியது. மிச்சமெல்லாம் எல்லா டிரைவரிலும் நகல். நகலில் சிலர், மாற்றம் தோற்றுப்போனால் இரண்டாவது அறிவிப்பை அனுப்பாமல் பாதியில் திரும்பிவிடுவார்கள், சிலர் தோற்ற பிறகும் வெற்றி மாதிரியே அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பை நம்பி நேரக் கணக்கை மாற்றிக்கொள்ளும் நிரல்கள் உண்டு. அவை தவறான வேகத்தை நம்பிக்கொண்டு ஓடும்.

2013-இல் இதை மாற்றத் தொடங்கினார்கள், 3.13 பதிப்பில் டார்கெட் இண்டெக்ஸ் என்ற புதிய ஃபங்ஷன் வந்தது. அட்டவணையில் தேடுவதையும் இரண்டு அறிவிப்புகளையும் தோல்வி நேர்ந்தால் திருப்பி அறிவிப்பதையும் கோரே எடுத்துக்கொண்டது. டிரைவரிடம் வருவது அட்டவணையின் வரிசை எண் மட்டும், அந்த வேகத்துக்குப் போ, அவ்வளவுதான். பல டிரைவர்கள் இதில் பாதியாகச் சுருங்கின. அந்தக் காலத்து பேட்ச்களை வரிசையாக கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றில் படியுங்கள், எந்தப் பாடப் புத்தகத்தை விடவும் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். அதே வருடம் அட்டவணையில் இண்டெக்ஸ் என்றிருந்த உறுப்புக்கு டிரைவர் டேட்டா என்று பெயர் மாற்றினார்கள். பெயரைப் பார்த்து அது வரிசை எண் என்று பலரும் நம்பியதுதான் காரணம், உண்மையில் அது டிரைவர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும் இடம். பெயர் மாற்றம் ஒன்றே முழு ரீஃபேக்டரிங்காக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, முதல் நாள் எந்த ஃபைலைத் திறக்கிறது?

எந்தக் கோப்பையும் திறக்காதீர்கள். முதலில் அளந்து வையுங்கள். கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் சிபியுவுக்குக் கீழே பாலிசி0, பாலிசி4 என்று அடைவுகள் இருக்கும், ஒரே கடிகாரத்தைப் பகிரும் செயலி கோர்கள் எல்லாம் ஒரு பாலிசி (இந்தக் கோர் செயலியின் ஒரு பகுதி, மேலே சொன்ன கோர் நிரல் வேறு). அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் படித்து ஒரு உரைக் கோப்பில் சேமியுங்கள்: டிரைவர் பெயர், கிடைக்கும் வேகங்கள், குறைந்தபட்சம், அதிகபட்சம், மாறுவதற்கு ஆகும் நேரம், எந்தெந்தக் கோர் சேர்ந்திருக்கிறது. ஸ்டேட்ஸ் அடைவில் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, எதிலிருந்து எதற்கு எத்தனை தடவை மாறியது என்ற அட்டவணையும் கிடைக்கும். திருத்தம் முடிந்த பிறகு இதே பட்டியலை எடுத்து ஒப்பிட்டால் கண் அளவு மாறியதா இல்லையா என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் தொடங்கியவர்கள் எல்லோரும், 'முன்னாடி எப்படி இருந்துச்சு' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றிருக்கிறார்கள்.

மின்னழுத்தமா அதிர்வெண்ணா, எதை முதல்ல மாத்தணும்?

எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முழுப் பக்கத்திலும் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வேகம் கூடும்போது முதலில் மின்னழுத்தம், பிறகு அதிர்வெண். குறையும்போது முதலில் அதிர்வெண், பிறகு மின்னழுத்தம். காரணம் ஒன்றுதான்: எந்தக் கணத்திலும் செயலி ஓடும் வேகத்துக்குத் தேவையான அழுத்தம் அதற்குக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாம்பன் புதுப் பாலத்தில் இருக்கும் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியை நினைத்துப் பாருங்கள். கப்பல் வரும்போது முதலில் தூக்கு மேலே போகும், அப்புறம் கப்பல் நுழையும். முடிந்ததும் முதலில் கப்பல் முழுக்க விலக வேண்டும், அப்புறம்தான் தூக்கு இறங்கும். போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது அதன் தலைகீழ். யாராவது வந்து 'இரண்டு பக்கமும் அதே இரண்டு வேலைதானே, ஒரே வரிசையாக வைத்துவிடலாம்' என்றால் என்ன நடக்கும்?

நான் அதைத்தான் செய்தேன். அந்த வள்ளத்து போர்டுக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருந்த டிரைவர் கர்னலுக்குள் சேராத பழைய நிரல். அதில் ஒரு இஃப், ஒரு எல்ஸ். இரண்டு கிளையிலும் ரெகுலேட்டரை (மின்னழுத்தம் தரும் பகுதி) கூப்பிடும் ஒரு வரி, கடிகாரத்தை (அதிர்வெண் தரும் பகுதி) கூப்பிடும் ஒரு வரி, பிழை பார்க்கும் நாலைந்து வரிகள். நகல் மாதிரியே இருந்தது, வரிசை மாறியிருப்பதைக் கண் பார்த்தது, மனதில் பதியவில்லை. இரண்டையும் ஒரே ஃபங்ஷனாக்கி, முதலில் அழுத்தம் பிறகு கடிகாரம் என்று எழுதிவிட்டேன். மேஜையில் பெர்ஃபார்மன்ஸ் (எப்போதும் உச்ச வேகம்), பவர்சேவ் (எப்போதும் அடி வேகம்) என்று கவர்னரை நாலு தடவை மாற்றிப் பார்த்தேன், ஓடியது. வள்ளத்தில் சுமைக்கேற்ப வேகத்தை மாற்றும் ஆன்டிமாண்ட் கவர்னரோடு ஓடியபோது, உச்ச வேகத்திலிருந்து அடி வேகத்துக்கு நிமிடத்துக்குப் பல தடவை இறங்கும் இல்லையா, ஒவ்வொரு தடவையும் ஒரு நொடியின் சிறு துளி நேரம் முழு வேகத்தில் குறைந்த அழுத்தத்தில் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒரு தடவை தப்பாமல் போர்டு அப்படியே உறைந்து நிற்கும், பதிவு நின்றுவிடும், விடியற்காலையில் கரைக்கு வந்த பிறகுதான் தெரியும். திரையில் ஒரு பிழைச் செய்தியும் இருக்காது, ஏனென்றால் செய்தி எழுத வேண்டிய செயலியே நின்றுவிட்டதே.

கிட் பைசெக்ட் (பிழை எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) போட்டு இரண்டு ராத்திரி தேடினேன். அது சுட்டிக்காட்டியது ஒரே கமிட்டை (கிட்டில் பதிந்த ஒரு மாற்றம்), ஆனால் அந்தக் கமிட்டில் நான் இன்னும் மூன்று மாற்றங்களைச் சேர்த்து நானூறு வரிக்கு மேல் எழுதி வைத்திருந்தேன். மறுபடி அதைக் கையால் பிரித்துப் பிரித்துத்தான் அந்த இரண்டு வரியைப் பிடித்தேன்.

சரியான திருத்தம் அந்த இஃப் எல்ஸைச் சேர்ப்பதோ பிரிப்பதோ இல்லை, அதை டிரைவரிலிருந்தே எடுத்துவிடுவது. கர்னலில் ஓபிபி என்றொரு பொது நூலகம் இருக்கிறது, ஒவ்வொரு வேகத்துக்கும் அதற்குரிய அழுத்தத்துக்குமான ஜோடிகளை அது வைத்திருக்கும். செட் ரேட் என்று அதைக் கூப்பிட்டால் போதும், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று அதுவே பார்த்து வரிசையை அமைக்கும். நூலகம் இத்தனை போர்டுகளில் தேய்ந்து பழகிய நிரல், நம் கையெழுத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

யூனிட் குழப்பம் எப்பவும் வருது அக்கா

வரும். சிபியுஃப்ரீக் பேசுவது கிலோஹெர்ட்ஸில். கடிகாரமும் ஓபிபியும் பேசுவது ஹெர்ட்ஸில். ரெகுலேட்டர் மைக்ரோவோல்ட்டில். ஆயிரத்தால் பெருக்கும் இடத்தில் மாறி என்ன வகை என்று பாருங்கள்: 2.2 கிகாஹெர்ட்ஸ் என்பது ஹெர்ட்ஸில் 220 கோடி, குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்சம் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம்தான். பழைய சிப்பில் ஒன்றரை கிகாஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக ஓடிய டிரைவர் புதிய சிப்பில் எதிர்மறை வேகம் கேட்கும். மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுவது நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

ஃபாஸ்ட் ஸ்விட்ச் எல்லா டிரைவருக்கும் போட்டா வேகமா மாறுமே?

போட முடியாது. 2016-இல் 4.7 பதிப்பில் ஷெட்யூட்டில் கவர்னர் வந்தது, செயல் பங்கீட்டாளர் (எந்த நிரல் எப்போது ஓடுவது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர்) வைத்திருக்கும் சுமைக் கணக்கையே அது நேரடியாகப் பயன்படுத்தும். சுமையின் விகிதத்தை அதிகபட்ச வேகத்தோடு பெருக்கி அதன் மேல் கால் பங்கு கூடுதலாக வைக்கும், திடீரென்று வேலை வந்தால் தாங்க. இதில் ஃபாஸ்ட் ஸ்விட்ச் என்பது பங்கீட்டாளருக்குள்ளிருந்தே டிரைவரைக் கூப்பிடும் வழி. அந்த இடத்தில் தூங்கக் கூடாது, அதாவது காத்திருக்க வைக்கும் எந்த ஃபங்ஷனையும் கூப்பிடக் கூடாது, மியூட்டெக்ஸ் (திறக்கும் வரை காத்திருக்க வைக்கும் பூட்டு) கூடாது. உங்கள் ரெகுலேட்டர் ஐ2சி என்ற மெதுவான தொடர்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அழுத்த மாற்றத்துக்கும் அந்தக் கம்பியில் பேசி முடியும் வரை காத்திருந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட டிரைவருக்கு ஷெட்யூட்டில் தனியாக ஒரு கர்னல் திரெட் வைத்து அதன் வழியாக மெதுவான பாதையில் மாற்றும். ஒரே ரெஜிஸ்டர் எழுத்தில் முடிகிற வன்பொருளுக்குத்தான் ஃபாஸ்ட் ஸ்விட்ச்.

ரீஃபேக்டரிங்கில் இது எங்கே கடிக்கும் என்றால், மெதுவான பாதைக்கும் வேகப் பாதைக்கும் பொதுவான ஒரு உதவி ஃபங்ஷனை நீங்கள் உருவாக்குவீர்கள், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதற்குள் ஒரு மியூட்டெக்ஸ் வைப்பார். பொதுவாக்கும்போதே அந்த ஃபங்ஷன் மேலே 'இது தூங்கக் கூடாத இடத்திலிருந்தும் வரும்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நினைவகத்தை விடுவிக்க மறந்துடுறோம், எல்லாத்தையும் டெவ்எம்-ஆ மாத்திடலாமா?

டெவ்எம் என்று தொடங்கும் ஒதுக்கீட்டு ஃபங்ஷன்கள் ஒரு சாதனத்தோடு கட்டப்பட்டவை, அந்தச் சாதனம் விலகும்போது தானாக விடுபடும். டிரைவர் சாதனத்தோடு சேரும்போது ஓடும் ப்ரோப் ஃபங்ஷனில் தாராளமாகப் பயன்படுத்துங்கள், பிழைப் பாதையில் கோட்டூ (வேறு வரிக்குத் தாவும் கட்டளை) மலை போலக் குவிந்திருந்தால் அத்தனையும் கரையும்.

ஆனால் சிபியுஃப்ரீக்கின் இனிட் ஃபங்ஷனில் போடாதீர்கள். ஆன்லைன், ஆஃப்லைன் ஃபங்ஷன்கள் தராத டிரைவரில், ஒரு பாலிசியின் எல்லா கோர்களும் அணைந்தால் எக்ஸிட் ஓடும், மறுபடி ஒரு கோர் எழுந்தால் இனிட் ஓடும். சாதனமோ அங்கேயேதான் இருக்கும். அதனால் கோர் எழும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ஒதுக்கீடு, பழையது விடுபடாது. கசிவைத் தேடும் கேமெம்லீக் கருவியும் இதைக் காட்டாது, ஏனென்றால் சாதனத்தின் பட்டியலில் அந்த நினைவகத்துக்கு இன்னும் பிடி இருக்கிறது, கருவியின் கண்ணில் அது கசிவே இல்லை. தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் அனுப்ப வைத்திருந்த பேட்சில் இது இருந்தது. கோர்களை ஆயிரம் தடவை அணைத்து எழுப்பும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டு, ஸ்லாப் (கர்னல் ஒதுக்கிய நினைவகம்) எண்கள் ஏறிக்கொண்டே போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. இனிட்டில் சாதாரண ஒதுக்கீடு, எக்ஸிட்டில் அதன் விடுவிப்பு, ஜோடி ஜோடியாக.

எக்ஸிட் பற்றிப் பேச்சு வந்ததால்: அது முன்பு ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும், கோர் அதைப் பார்ப்பதே இல்லை. 2024-இல் அதை ஒன்றும் திருப்பாத ஃபங்ஷனாக மாற்றிவிட்டார்கள். பழைய டிரைவரைப் புதுக் கர்னலுக்குக் கொண்டுவரும்போது முதலில் கண்ணில் படும் கம்பைல் பிழைகளில் இதுவும் ஒன்று.

எந்த போர்டுல பழகலாம்?

ராஸ்பெரி பை. அதன் சிபியுஃப்ரீக் டிரைவர் 2019-இல் 5.3 பதிப்பில் சேர்ந்தது, சுமார் நூறு வரிதான். போர்டோடு வரும் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரிடம் குறைந்த வேகம் என்ன, அதிக வேகம் என்ன என்று கேட்டு, 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஓபிபிகளைச் சேர்த்து, மிச்ச வேலையைப் பொதுவான சிபியுஃப்ரீக்-டிடி டிரைவரிடம் ஒப்படைத்துவிடும். மின்னழுத்தம் ஃபர்ம்வேரின் பொறுப்பு என்பதால் மேலே சொன்ன விபத்துக்கு இடமில்லை. டிரைவர் எவ்வளவு சின்னதாக இருக்க முடியும் என்பதற்கு அதைப் படியுங்கள். உங்கள் மடிக்கணினியில் இன்டெல் பிஸ்டேட் டிரைவர் இருந்தால் அதில் கை வைத்துப் பழக வேண்டாம், அது தன் கவர்னரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வேறு வகை.

பேட்ச் போட்டதும் வேகம் 600 மெகாஹெர்ட்ஸைத் தாண்டலையே, என் தப்பா?

முதலில் பவர் கம்பியைப் பாருங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் பக்கத்துக் காற்றில் உப்பு, கொண்டல் அடிக்கும் மாதங்களில் யூஎஸ்பி வாயில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும், தொடுப்பில் தடை கூடி போர்டுக்கு வரும் அழுத்தம் இறங்கும். ராஸ்பெரி பையில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும், ஃபர்ம்வேர் தானாகவே வேகத்தை அமுக்கும். 80 டிகிரி சூட்டைத் தொட்டாலும் அப்படித்தான், தகரக் கொட்டகையில் மே மாத மதியத்தில் விசிறியில்லாமல் ஓடவிட்டால் 80 ஒன்றும் தூரம் இல்லை. அப்போது கர்னல் கேட்டது ஒன்று, வன்பொருள் ஓடுவது வேறொன்று. ஸ்கேலிங் கர் ஃப்ரீக் என்ற கோப்பு பெரும்பாலும் கர்னல் கடைசியாகக் கேட்டதைத்தான் காட்டும். உண்மையில் ஓடும் வேகத்தை ஃபர்ம்வேரின் சொந்தக் கட்டளையால் அளந்து பாருங்கள், கர்னல் பதிவில் அழுத்தக் குறைவு என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். நான் ஒரு முழு சனிக்கிழமை என் பேட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கம்பியை மாற்றினேன், சரியாகிவிட்டது. இப்போது அளவு எடுக்கும் முன் தொடுப்பைத் துடைப்பது எங்கள் வீட்டில் முதல் படி.

எப்படியெல்லாம் சோதிக்கணும்?

எல்லாக் கவர்னரிலும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு வேகத்திலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் இரு திசையிலும் தாவ வையுங்கள், யூசர்ஸ்பேஸ் கவர்னர் இதற்கு வசதி, மாற்ற அட்டவணையில் பூஜ்யம் இருக்கும் கட்டம் எல்லாம் நீங்கள் இன்னும் சோதிக்காத பாதை. என் விபத்துக்குப் பிறகு இந்த அட்டவணை நிரம்பாமல் நான் ஒன்றையும் முடிந்தது என்று சொல்வதில்லை. பூட்டுப் பிழைகளைக் காட்டும் லாக்டெப்பை இயக்கிய கர்னலில் ஒரு தடவை. தூங்கவைத்து எழுப்பி ஒரு தடவை. மாட்யூல் என்றால் ஏற்றி இறக்கி. கர்னலிலேயே சிபியுஃப்ரீக்குக்கான செல்ஃப்டெஸ்ட் இருக்கிறது, அதையும் ஓட்டுங்கள்.

பேட்சை எப்படிப் பிரிக்கிறது?

ஒரு கமிட்டில் ஒரு காரணம். ஒவ்வொரு கமிட்டிலும் கர்னல் கம்பைல் ஆக வேண்டும், பூட் ஆக வேண்டும், இல்லையென்றால் பைசெக்ட் நடுவில் சிக்கிக்கொள்ளும். பிழையைக் கண்டால் அதைத் திருத்தும் பேட்ச் முதலில், சுத்தப்படுத்துவது அதன் மேல், அப்போதுதான் பிழைத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய நிலையான பதிப்புகளிலும் சேர்க்க முடியும். ஒரு ஃபங்ஷனை வேறு கோப்புக்கு நகர்த்துவது ஒரு கமிட், நகர்த்திய பிறகு அதை மாற்றுவது அடுத்தது. சேர்த்துச் செய்தால் பார்ப்பவருக்கு நூறு வரி அழிந்து நூறு வரி முளைத்த மாதிரி தெரியும், உள்ளே மாறிய இரண்டு வரியை யாராலும் பார்க்க முடியாது.

கமிட் செய்தியில் என்ன மாற்றினேன் என்பதை விட ஏன் மாற்றினேன் என்று எழுதுங்கள், என்ன என்பதுதான் கீழேயே இருக்கிறதே. ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும், சின்னச் சின்ன வாக்கியம், யாரும் குறை சொல்வதில்லை. யாருக்கு அனுப்புவது என்பதை கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும். இந்தப் பகுதியைக் கவனித்துக்கொள்பவர்கள் ரஃபேல் வைசோக்கி, விரேஷ் குமார் இருவரும். அவர்கள் பழைய பேட்ச்களுக்குக் கொடுத்த பதில்களைப் படித்தால் உங்களிடம் என்ன கேட்பார்கள் என்று முன்பே தெரிந்துவிடும்.

இங்க நெட்டு அடிக்கடி போகுதே, கர்னல் கிளோன் பாதியில நிக்குது

கிட் கிளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. கர்னல் தளத்திலேயே பண்டில் கோப்பு கிடைக்கும், அது சாதாரணப் பதிவிறக்கம், அறுந்தாலும் தொடரலாம், இறக்கி முடித்த பிறகு அதிலிருந்து கிளோன் செய்துவிட்டு மிச்சத்தை மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறக்கினால் போதும், பென்டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். ஆழம் ஒன்று என்று குறுக்கிய கிளோன் வேண்டாம், வரலாறு இல்லாமல் பைசெக்ட் போட முடியாது, ஒரு வரி யாரால் எதற்கு வந்தது என்றும் பார்க்க முடியாது.

எதைத் தொடவே கூடாது?

காரணம் தெரியாத வரியை. ரெஜிஸ்டரில் எழுதிய உடனே அதையே படித்து, படித்த மதிப்பைப் பயன்படுத்தாமல் விட்டிருப்பார்கள், வீண் வரி மாதிரி இருக்கும். எழுதியது பஸ்ஸில் (சிப்புக்குப் போகும் தரவுப் பாதை) தங்கிவிடாமல் சிப்பைப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்ய அந்தப் படிப்பு. பத்து மைக்ரோநொடி தாமதம் ஒன்று சும்மா நிற்கும், கடிகாரத்தை உருவாக்கும் பிஎல்எல் சுற்று நிலைப்பட அவ்வளவு நேரம் ஆகும் என்று சிப்பின் கையேட்டில் ஒரு மூலையில் இருக்கும். ஒரு வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பாருங்கள், கமிட் செய்தியில் இல்லையென்றால் எழுதியவரிடமே மின்னஞ்சலில் கேளுங்கள், பத்து வருடப் பழைய வரியாக இருந்தாலும் பதில் வந்த அனுபவம் எனக்கு உண்டு. தெரிந்த பிறகு அந்தக் காரணத்தை அந்த வரிக்கு மேலே குறிப்பாக எழுதிவையுங்கள், அதுவே ஒரு நல்ல முதல் பேட்ச்.

இன்னொன்று, கையில் போர்டு இல்லாத டிரைவரின் வரிசையை மாற்றாதீர்கள். கம்பைல் ஆனதை வைத்து மட்டும் அனுப்புவதென்றால் பெயர் மாற்றம், எல்லா டிரைவரிலும் ஒரே மாதிரி இயந்திரத்தனமாகச் செய்யும் மாற்றம், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, 'கம்பைல் மட்டும் செய்து பார்த்தேன்' என்பதைப் பேட்சிலேயே எழுதுங்கள். அந்த போர்டு வைத்திருக்கும் யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.